ஆரஞ்சு எண்ணெய் பட்ட கைகள்

என் ஓர்ப்படியின் முதுகில் வரிசையாக ஒட்டியிருந்த வெள்ளைப் பிளாஸ்திரிச் சதுரங்களை நினைத்தால் இன்றும் என் முதுகு கூசுகிறது. தோல் டாக்டர் ஒட்டி அனுப்பியவை அவை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒவ்வொரு பொருள். அவள் கைகளை அந்தக் கதிக்கு ஆளாக்கியது எது என்று கண்டுபிடிப்பதற்காக. பங்குனி வெயிலில் குளிக்காமல், மல்லாந்து படுக்காமல் கிடந்தாள். ஈரத்துணியால் கழுத்தை மட்டும் துடைத்துவிடுவேன். பிரித்துப் பார்த்தபோது இரண்டு இடங்களில் தோல் சிவந்து, தடித்து, கொப்புளித்திருந்தது. ஒன்று ஆரஞ்சு எண்ணெய் வைத்த இடம். மற்றது மல்லிகை.

என் கணவருடைய அண்ணன் மனைவி அவள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். திருவேற்காட்டில் ஒரே வீட்டில் அவர்கள் கீழே, நாங்கள் மாடியில். திருமழிசையில் வாசனை எண்ணெய்களைச் சின்னக் குப்பிகளில் அடைக்கும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. சாயங்காலம் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினால் தெருவே மணக்கும். "இன்னாம்மா, பழக்கடையே நடந்து வந்துகினு கீது" என்பார் எதிர்வீட்டுக்காரர். அவளுக்கு அதில் ஒரு பெருமை. குப்பியில் லேபிள் ஒட்டும்போது வழிந்த பசையைத் துடைக்க, மூடாமலே கிடக்கும் பழைய கேனிலிருந்து ஆரஞ்சு எண்ணெயைத் துணியில் ஊற்றிக்கொள்வார்களாம். பசை அப்படியே கரைந்துவிடும். எல்லாம் வெறுங்கையால்தான். முதலில் விரலிடுக்கில் அரிப்பு. துணி சோப்பினால் என்று நினைத்தாள். பிறகு தோல் வெடித்தது. சோறு பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிட ஆரம்பித்தாள். சூப்பர்வைசரிடம் கையுறை கேட்டதற்கு, "பூவும் பழமும்மா. இதுல இன்னா விஷமா கீது?" என்றாராம். அவளும் அதை நம்பினாள். நாங்கள் எல்லோருமே நம்பினோம்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "பழத்துலேருந்து வந்ததுன்னாலும் இது அத்தனையும் திரட்டின சத்து. காத்துபட்டுப் பழசான ஆரஞ்சு எண்ணெய் புதுசை விட மோசம். உடம்பு ஒரு தடவை இதை எதிரின்னு எடுத்துக்கிச்சுன்னா அப்புறம் மறக்காது. இனிமே ஆயுசுக்கும் ஒதுங்கித்தான் இருக்கணும்." அக்கா கேட்டது ஒன்றுதான். "பூ வைக்கலாமா?" மல்லி வேண்டாம் என்றார் டாக்டரம்மா.

ஒதுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பாத்திரம் தேய்க்கும் சோப்பில் எலுமிச்சை, தரை துடைக்கும் திரவத்தில் எலுமிச்சை, ஷாம்பூவில் பூ வாசனை. கம்பெனியில் பெட்டி கட்டும் வேலைக்கு மாற்றிப் பார்த்தார்கள். அந்தக் காற்றுக்கே இமை வீங்கியது. வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் கிடந்த ஒரு குப்பியை என்னிடம் நீட்டி, அதன் லேபிளில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். படித்துச் சொன்னேன்: தோலில் நேராகப் படக் கூடாது, வேறு எண்ணெயில் சில துளி மட்டும் கலந்துகொள்ளவும், தடவிக்கொண்டு வெயிலில் போக வேண்டாம், இறுக மூடி வைக்கவும். "தெனம் நான்தாண்டி இத்த ஒட்னேன்" என்றாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி வாசலுக்குப் போய், வெளியே வந்த பெண்களிடம் கைகளை விரித்துக் காட்டியிருக்கிறாள். "கேனை மூடி வைங்கடி, வெறுங்கையால தொடாதீங்கடி." வாட்ச்மேன் விரட்டினார். ஒருத்தி மட்டும் தன் விரல்களைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டதாக அக்கா சொன்னாள்.

போன ஆடியில் பூந்தமல்லியில் அவள் அம்மா இறந்துபோனார். கூடமெங்கும் மல்லி மாலை. யாரோ சென்ட் புட்டியை உடல்மேல் கவிழ்த்திருந்தார்கள். அக்கா பருத்தி உறை மாட்டிய கைகளோடு வாசற்படியிலேயே நின்றாள். "போவாதக்கா" என்று நான் பிடித்தேன். "எங்கம்மாடி" என்று உறைகளைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். ஈரமும் வாசனையுமாக இருந்த அந்த முகத்தை, தூக்கும்வரை தடவிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் சுடுகாட்டுக்குப் பால் தெளிக்கப் போனவர்கள் திரும்பியபோது அவளுக்குக் கண் திறக்க முடியவில்லை. கைகளில் நீர் கோத்திருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள், பாவம், அழுதழுது முகமே வீங்கிவிட்டது என்றார்கள். வீங்கிய இமைகளுக்கு அடியிலிருந்து கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட அந்தக் கையை அவள் முகத்துக்குக் கொண்டுபோக முடியாது. நான்தான் துடைத்தேன்.