ஆவுரஞ்சிக்கல் நட்ட தேவாலயம்

ஓர் இங்கிலாந்துக் கிராமத்துச் சவக்காலையில் காலங்காலமாக நிம்மதியாகப் படுத்திருந்த முப்பத்திநான்கு பேரின் தலைமாட்டுக் கல்லிலும் மாடுகளை முதுகு உரஞ்ச விட்டவன் நான். அந்த ஊருக்கு நான் போனதில்லை. குற்றத்தைப் பத்து வயதில், ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், பெற்றோர் முன்னிலையில், உரத்த குரலில் செய்தேன்.

எண்பத்தாறாம் ஆண்டு. கனடாவுக்கு வந்து ஒன்றரை வருடமாகியும் என்னை பேஸ்மென்டில் நடந்த ஆங்கிலம் தெரியாதவர்களின் வகுப்பிலேயே வைத்திருந்தார்கள். மேல்மாடியில் என் வயதுக்காரர் பின்னக்கணக்குச் செய்ய, நாங்கள் வாழைப்பழப் படத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தோம். பெற்றோர் தினத்தில் ஆளுக்கொரு கிராமத்தைப் பற்றிப் பேசவேண்டும், நன்றாகப் பேசுகிறவர் மேலே போகலாம் என்றார் ரீச்சர். அந்த வாழைப்பழத்திலிருந்து தப்ப எனக்கு வேறு வழியிருக்கவில்லை.

எங்கள் ஊரைப் பற்றி மூச்சும் விடக்கூடாது என்றார் அப்பா. அகதி வழக்கு முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்வதெல்லாம் நேரே இமிகிரேஷனுக்குப் போய்ச் சேரும் என்பது அவருடைய முடிவு. ஆகவே இங்கிலாந்தில் பெற்றோல் செட்டில் வேலை செய்த சித்தப்பா அனுப்பிய கலண்டரில் ஒரு தாளைக் கழற்றித் தந்தார். நாலைந்து வீடு, எண்ணூறு வருடத்துக் கல் தேவாலயம், அதைச் சுற்றிச் சரிந்தும் நிமிர்ந்தும் கற்கள், இடையில் மேயும் செம்மறிகள்.

கோயிலைச் சுற்றி ஆட்களைப் புதைப்பார்கள் என்று எங்கள் பரம்பரையில் ஒருவருக்கும் தோன்றாது. ஊரில் வேதக்காரருக்கும் சவக்காலை அவர்களின் தேவாலயத்திலிருந்து தள்ளித்தான் இருந்தது. அப்பா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உது ஆவுரஞ்சிக்கல். மாடு கண்டுகள் முதுகு உரஞ்சிறதுக்கு நட்டது. எங்கடை குளத்தடியிலையும் நிண்டதுதானே."

பிறகு நான் கேளாமலே, கல் இருந்தால் பக்கத்தில் குளம் இருக்கும், குளமிருந்தால் சுமைதாங்கி இருக்கும், வழிப்போக்கருக்கு மடமும் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். அன்று வேலைக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டார். நான் ஒன்றுவிடாமல் எழுதினேன். பத்தாம் வகுப்பில் படித்த அக்கா முகத்தைச் சுளித்தபடி ஆங்கிலத்தில் மாற்றித் தந்தாள்.

பெற்றோர் தினத்தன்று என் நாக்கில் சரஸ்வதி ஏறி உட்கார்ந்துவிட்டாள். இத்தனை இரக்கமுள்ள கிராமம் உலகத்திலேயே இல்லை என்றேன். வாயில்லாச் சீவன்களுக்காக முப்பத்திநான்கு கல்; நானே எண்ணினேன். படத்தின் முன்வரிசைக் கல்லில் ஒரு பெயரும் இரண்டு வருடங்களும் தெரிகின்றனவே, அவை என்ன என்று கேட்டார் பள்ளிக்கூட அதிபர். எங்கள் கோயிலில் மின்விளக்கிலிருந்து மணி வரைக்கும் உபயகாரர் பெயர் இருக்கும். எனக்கு ஒரு கணமும் தடுமாற்றமில்லை. கல்லை உபயம் செய்தவரின் பெயர் என்றேன். வருடங்கள், அவர் உபயம் தொடங்கியதும் நிறுத்தியதும்.

அதிபர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் மனம் உருகிவிட்டதாக நினைத்தேன். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. ஆங்கிலம் ஒரு சொல்லும் விளங்காத அப்பா பின்வரிசையில், நான் குளத்தைக் காட்டக் கையை விரித்தபோதெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமையிலிருந்து மேல்மாடி என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். அப்பா எனக்குக் கைகொடுத்தார், பெரிய ஆளுக்குக் கொடுப்பதுபோல. மூச்சு விடக்கூடாத ஊரைத்தான் மகன் முழுதாகப் பேசி முடித்திருந்தான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது விளங்க இருபது வருடம் பிடித்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஒரு மந்திரியைப்போல் உட்கார்ந்திருந்தேன். ரீச்சர் அப்பாவிடம் சொன்னதை மொழிபெயர்த்த அக்கா, பாதியைத்தான் சொல்லியிருந்தாள். மீதியை என் காதுக்குள் சொன்னாள்:

"நீ சொன்னது முழுக்கப் பிழையாம். ஆனால் இவ்வளவு பிழையையும் நிப்பாட்டாமல் இங்கிலிஷிலை சொல்லுறவனுக்குக் கீழை படிப்பிக்க ஒண்டும் இல்லையாம்."