வாலாஜாபாத் வரைக்கும் வந்தவன்

லோகேஸ்வரன் என்கிற பெயரை நான் முதன்முதலில் கேட்டது வாலாஜாபாத் பஸ் நிலையத்தில். என் கொழுந்தன் ராஜவேலுவுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்று செவிலிமேட்டிலிருந்து பார்க்கப் போயிருந்தேன். அவன் அப்போது அங்கே அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். மூத்தவள் சுகாசினியின் கையைப் பிடித்துக்கொண்டு எனக்காக நின்றிருந்தான். ஏழு வயசுப் பெண். என் கால் தரையில் படுவதற்குள் கத்தினாள்.

"பெரிம்மா, தம்பி பேரு லோகேஸ்வரன்! நான்தான் வச்சேன்!"

"தோ பாருங்க அண்ணி" என்று ராஜவேலு எதிர்ப்பக்கம் கையைக் காட்டினான். அங்கே ஒரு சைக்கிள் கடை, பலகையில் அதே பெயர். "தெனம் அதைத்தான் எழுத்துக் கூட்டிப் படிச்சிக்கினு இருக்கா. நல்லவேளை, பக்கத்துல இருக்கற கறிக்கடை பேரை வைக்கல."

"பேரு நல்லாத்தான் இருக்குது, வுடுப்பா" என்றேன். அதுவே நிலைத்துவிட்டது.

அவர்கள் அம்மா மஞ்சள் காமாலையில் போனபோது லோகேஸ்வரனுக்குச் சரியாகப் பேச்சுகூட வரவில்லை. அதன்பிறகு அவனுக்குச் சோறு ஊட்டியதும், தலை வாரியதும், அவனுக்காகப் பள்ளிக்கூடத்து வாத்தியாரோடு சண்டைக்குப் போனதும் சுகாசினிதான். அவளை எங்கள் தெருவிலேயே தினகரனுக்கு நான்தான் பார்த்துக் கட்டிவைத்தேன். ராஜவேலுவும் மாரடைத்துப் போனதும், காரியம் முடிந்த கையோடு தம்பியின் பாயையும் தட்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். தினகரன் கட்டிலைச் சுவரோரம் தள்ளி இடம் பண்ணினான்.

தினகரனுக்கு டவுன் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. சுகாசினி, சின்ன காஞ்சிபுரத்துத் தறிக்காரர்களுக்குத் தார் சுற்றிக் கொடுப்பாள். ராட்டையில் பட்டு நூலைக் குச்சியில் ஏற்றும் வேலை. ராட்டை ஒரு பக்கம் சுற்றும், தம்பி இன்னொரு பக்கம் உட்கார்ந்து படிப்பான். ஏசி ரிப்பேர் படித்து மஸ்கட்டுக்குப் போனான். வெள்ளிக்கிழமை தவறாமல் அக்காவுக்கு போன் வரும். ஒரு தடவை நான் பக்கத்தில் இருந்தேன்.

"பொங்கலுக்கு வரேங்க்கா. உனக்கு என்ன வேணும் சொல்லு."

"மழைக்காலத்துல துணி ஒண்ணும் காய மாட்டேங்குதுடா. சட்டுனு காயற சேலை ஒண்ணு கொண்டா."

"பொன்னு கேப்பன்னு பாத்தா சேலை கேக்கறியே!"

"பொன்னு காஞ்சா என்ன, காயாட்டி என்ன? போடா சைக்கிள் கடை."

நீலத்தில் ஒன்று வாங்கி வைத்துவிட்டதாக அடுத்த வெள்ளிக்கிழமை சொன்னான்.

அந்தக் கார்த்திகையில் புயல் வருகிறது என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், தலை வலிக்கிறது என்று ராட்டையை நிறுத்திவிட்டுப் படுத்தாள் சுகாசினி. எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர்.

தினகரன் போன் போட்டுச் சொன்னான்.  லோகேஸ்வரன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மாமா, பொறந்த வூட்டுக் கோடி நான்தான் போடணும். வேற யாரும் வாங்கிடாதீங்க. நாளைக்கு வந்துடுவேன். லேட்டானாலும் ஐஸ் பெட்டியிலேயே வச்சிருங்க."

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் போய்விட்டால் அவள்மேல் கடைசியாக விழ வேண்டியது பிறந்த வீட்டுப் புதுத்துணி, அதுதான் கோடி. அப்பா இல்லையென்றால் கூடப்பிறந்தவன் போட வேண்டும். அது விழாமல் பாடையில் ஏற்ற மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. உடம்பைக் குளிப்பாட்டிவிட்டால் மறுபடி வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும்.

மறுநாள் காலையிலிருந்தே மழை. பந்தலின் தகரத்தில் விழுகிற சத்தத்தில் ஒப்பாரிகூடக் கேட்கவில்லை. தினகரனின் அண்ணன் சின்னப்பையன் போனைப் பார்த்தபடியே இருந்தார். பேர்தான் சின்னப்பையன், பேரன் பேத்தி எடுத்தவர். எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டுகிற ஏதோ ஒன்றை அவர் மகன் அதில் போட்டுக் கொடுத்திருந்தான். மத்தியானத்துக்கு மேல் எழுந்து நின்று கூவினார்.

"வந்துட்டாம்பா! வாலாஜாபாத் மேல வந்துட்டான்!"

எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கண்ணாடிக்குள் எறும்பு மாதிரி மஞ்சளாக ஒரு விமானம், வாலாஜாபாத் என்று எழுதியிருந்த இடத்தில் நின்றது. எங்களுக்குத் தெரிந்தது பஸ் கணக்கு. வாலாஜாபாத் தாண்டிவிட்டால் ஊர் வந்துவிட்டதென்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறவர்கள் நாங்கள்.

"இறங்கினதும் நம்ம கார் நிக்குது. நேரா வந்துடுவான்" என்றார் சின்னப்பையன். "மழைல இருட்டிக்கினு வேற வருது. இப்பவே தண்ணி ஊத்திட்டா அவன் வந்ததும் கோடி போட்டுட்டுக் கிளம்பலாம்."

சடங்கு நடத்த வந்திருந்த கோதண்டபாணியும் சரி என்றார். தினகரன் தலையை மட்டும் ஆட்டினான். பெட்டியைத் திறந்து அவளை வெளியே எடுத்தோம். மஞ்சள் பூசி, தண்ணீர் ஊற்றினோம்.

மேலே விமானத்தில் நடந்ததை லோகேஸ்வரன் பிறகு சொன்னான். விமானம் தாழ்ந்து வருவதும் ஏறுவதுமாகச் சுற்றிக்கொண்டிருந்ததாம். ஒரு இடத்தில் மேகம் விலக, கீழே பெரிய ஏரி ஒன்று தெரிந்ததாம். வாலாஜாபாத் பக்கத்துத் தென்னேரிதான் என்று கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தானாம். திடீரென்று விமானம் திரும்ப, மெட்ராஸில் மழையில் இறங்க முடியாது, பெங்களூர் போகிறோம் என்று அறிவித்திருக்கிறார்கள். பக்கத்துச் சீட்டில் குந்துநாதன் என்று ஒரு பெரியவர், நம் பக்கத்துச் சமணர், மஸ்கட்டில் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர். அவரிடம் கேட்டிருக்கிறான்.

"இன்னும் பத்து நிமிசம் சுத்தினா மழை வுட்டுடும் சார். சொல்லுங்களேன்."

"நான் சொல்லி கேப்பாங்களாப்பா? மேல நின்னு சுத்தறதுக்குன்னு கொஞ்சம் எண்ணெய் வச்சிருப்பாங்க. வேற ஊருக்குப் போய் இறங்கறதுக்குன்னு கொஞ்சம் வச்சிருப்பாங்க. முதல் பங்கு தீந்துட்டா கிளம்பியே ஆகணும். ரெண்டாவதுல கை வச்சா, மழையும் நிக்காம, போக எண்ணெயும் இல்லாம அந்தரத்துல நிப்போம்."

"நெறைய ஊத்திக்கினு வந்திருக்கலாமே சார்!"

"எண்ணெயும் பாரம்தானப்பா. அந்தப் பாரத்தைச் சுமக்கவே இன்னும் எண்ணெய் வேணும்."

அவன் மடியில் இருந்த பையைப் பார்த்துக் குந்துநாதன், "என்னப்பா அது?" என்றாராம். "எங்கக்கா சேலை" என்றானாம். 

கீழே சின்னப்பையன், "என்னடா இது, மேக்கால போகுது" என்று போனைத் தட்டிக்கொண்டிருந்தார். அப்புறம்தான் தினகரனின் போன் அடித்தது. கேட்டவன் அதை என்னிடம் நீட்டினான்.

"பெரிம்மா, பெங்களூர்ல எறக்கிட்டாங்க. எண்ணெய் போட்டுக்கினு திரும்பப் போவாங்களாம், எப்பன்னு தெரியல. பரவால்ல, காலையில ஆனாலும் வந்துடுவேன். அக்கா பெட்டியிலேயே இருக்கட்டும்."

"குளிப்பாட்டிட்டோம்பா."

"யாரு... யாரு சொன்னாங்க குளிப்பாட்ட?"

"உன்னை வாலாஜாபாத் மேல பாத்தோம்பா."



"பஸ்ஸுல வந்துடறேன், இறக்கி வுடுங்கன்னு கால்ல விழாத குறையாக் கேட்டுட்டேன் பெரிம்மா. வெளிநாட்டு விமானமாம், பாஸ்போர்ட்டுல முத்திரை மெட்ராஸ்லதான் குத்துவாங்களாம், அது இல்லாம வெளிய வுட மாட்டாங்களாம்." பிறகு மெதுவாக, "இருட்டிடுச்சா அங்க?" என்று கேட்டான்.

"இருட்டுதுப்பா."

"நீயே ஒண்ணு வாங்கிப் போட்டுடு. என் பேரைச் சொல்லிப் போடு."

முனைக்கடையில் ஒரு பருத்திச் சேலை எடுத்தேன். அவள்மேல் விரித்தபோது கோதண்டபாணி மழைக்கு மேலாகக் குரல் எழுப்பி, "பொறந்த வூட்டுக் கோடி! தம்பி லோகேஸ்வரன் கோடி!" என்று அறிவித்தார். தினகரன் அப்போதுதான் வாய்விட்டு அழுதான்.

மறுநாள் பால் தெளிக்கும் நேரத்துக்கு லோகேஸ்வரன் பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்கே நேராக வந்தான். பையிலிருந்து நீலச் சேலையை எடுத்துப் பிரித்தான்.

"சாம்பல் மேல கோடி போடக் கூடாதுபா" என்றார் கோதண்டபாணி. "ஆத்துல தண்ணி வந்திருக்குது. சாம்பலோட வுட்டுடு."

முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி இரண்டையும் ஆற்றோடு விட்டான். சேலை கொஞ்ச தூரம் போய் ஒரு சீமைக்கருவேல முள்ளில் மாட்டிக்கொண்டது. அவன் இன்னும் உள்ளே இறங்கி எடுக்கப் போனான், நாங்கள் பிடித்து இழுத்துக் கரையேற்றினோம். வெயில் அடிக்க ஆரம்பித்த பிறகு, மற்றவர்கள் போன பின்னும் அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். கூப்பிடப் போனேன். முள்ளின் மேல்பக்கம் மாட்டியிருந்த முந்தானை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"காஞ்சிடுச்சி பாரு பெரிம்மா" என்றான்.

சின்னப்பையன் அவன் முகத்தைப் பார்க்கவே பயந்து, பதினாறாம் நாள் வரைக்கும் பின்வாசல் வழியாகவே வந்துபோனார். கடைசியில் லோகேஸ்வரனே போய் அவர் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்தான்.

அதற்கப்புறம் ஒரு தடவை வந்தான், அக்காவின் வருஷத் திதிக்கு. பெங்களூருக்கு டிக்கெட் போட்டு, அங்கிருந்து பஸ் பிடித்து வந்தான். மெட்ராஸ்தான் பக்கமாச்சே என்று தினகரன் சொன்னதற்கு, "இருக்கட்டும் மாமா" என்றான்.

லோகேஸ்வரன் இப்போது மஸ்கட்டில்தான் இருக்கிறான், அதே ஏசி வேலையில். வெள்ளிக்கிழமைகளில் தினகரனுக்கு போன் செய்கிறான்.