மகள் வெளியேறும் காட்சி

கனடாவின் மொன்ட்ரியால்-நோரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அந்த முதியவருக்குப் பதினோராம் அறை.

"ஆர்ஜென்டினாவில இவரைத் தெரியாத சனமே இல்லையாம், தங்கச்சி. நாடகம், படம் ரெண்டிலயும் பெரிய ஆளாம்" என்றார் கூட வேலை செய்யும் அக்கா.

நீண்ட கழுத்து, மெலிந்த உடம்பு. நான் சவரம் செய்யும்போதும் இடக் கன்னத்தையே வெளிச்சத்துக்குக் காட்டுவார். மறதி நோய் அவரிடம் மேடை வசனங்களை மட்டும் விட்டுவைத்திருந்தது.

ஞாயிறுகளில் மகள் வருவாள். அவர் ஸ்பானிஷில் ஏதோ சொல்வார், அவள் பதில் சொல்வாள். அப்பாவும் மகளும் கதைக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"இல்லை, அது அவர் நடித்த நாடகம்" என்றாள் ஒருநாள், பிரெஞ்சில். "என்னை அவருக்குத் தெரியாது. அதில் வரும் மகளைத் தெரியும். அவளுடைய வசனங்களைப் பாடமாக்கினேன்."

"எவ்வளவு நேரம் வரும்?"

"பத்து நிமிடம். பிறகு அந்த மகள் வீட்டைவிட்டுப் போய்விடுவாள்."

அடுத்த ஞாயிறு, வசனம் முடிந்தும் அவள் எழும்பவில்லை. அவர் கையைப் பிடித்தபடி இருந்தாள். அவர் குழம்பிப்போய் அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு, வசனத்தை மறந்த நடிகைக்கு உதவுவதுபோல் குனிந்து, அவள் காதில் மெல்லச் சொன்னார்:

"அதியோஸ், அப்பா."

அவள் அந்த விடைபெறும் வசனத்தைத் திருப்பிச் சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்தாள். அப்போது அவர் முகத்தில் வந்த நிம்மதியை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.