வேப்பிலைக்குப் பின்னால் ஓர் அலுவலகம்

எங்கள் தெருவில் மெடிக்கல் என்றால் மருந்துக் கடை. அதனால் நான் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலையில் சேர்ந்திருக்கிறேன் என்று அம்மா சொன்னதும், எதிர்வீட்டு அத்தை, "எந்த மெடிக்கல்ல? பஸ் ஸ்டாண்டு பக்கமா, ரயிலடிப் பக்கமா?" என்று கேட்டாள். அமெரிக்கா பக்கம் என்றாள் அம்மா. அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நமக்கு மாத்திரை விலை கொறச்சுக் கெடைக்குமா?" என்றாள்.

வேலை இதுதான். அங்கே ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும் பார்த்ததையெல்லாம் வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவார். ஒரு மென்பொருள் அதை அரைகுறையாக எழுத்தாக்கி வைத்திருக்கும். நான் ஹெட்போனில் கேட்டுக்கொண்டு, காலால் பெடலை மிதித்து ஒலியை நிறுத்தியும் ஓட்டியும், அது செய்து வைத்த அலங்கோலத்தைச் சரிசெய்ய வேண்டும். இயந்திரம் வந்து உன் வேலையைத் தின்றுவிடும் என்று என்னை எச்சரித்தவர்கள் பலர். அது கக்கியதைத் துடைக்கிற வேலையே எனக்குக் கிடைக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நான் படித்தது விலங்கியல். தவளையை ஒழுங்காக அறுக்கத் தெரியும். சங்கரன்கோவிலில் அதற்குக் கூலி கிடையாது. பட்டத்தை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு, வேலை உறுதி என்று விளம்பரம் செய்த ஓர் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். இதயம், ஈரல், குடல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டு, சொன்னபடியே ஒரு கம்பெனியில் சேர்த்தும் விட்டார்கள். வேலை உறுதி என்றார்களே தவிர, நிரந்தரம் உறுதி என்று அவர்கள் எங்கும் சொல்லவில்லை என்பதைச் சேர்ந்த பிறகுதான் கவனித்தேன்.

அந்த ஊர் டாக்டர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறாமையாக இருந்தது. "இவர் மிகவும் இனிமையான எழுபது வயதுப் பெண்மணி" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்தப் பெண்மணி எப்போது எழுந்தார், எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நாய் வளர்க்கிறாரா என்பதெல்லாம் வரும். எங்கள் ஊர் டாக்டர், நாம் நாற்காலியில் உட்காருவதற்குள் மருந்துச் சீட்டில் பாதியை எழுதி முடித்திருப்பார். நாம் இனிமையானவர்களா என்று பார்க்க அவருக்கு நேரம் கிடையாது, பார்த்தாலும் எங்கள் தெருவில் ஒன்றும் தேறாது.

அப்பா துண்டு, வேட்டி மொத்த வியாபாரம் செய்கிறார். கெடு வைக்காமல் எதையும் பேசமாட்டார். நான் வேலையில் சேர்ந்த அன்றே எனக்கும் ஒரு கெடு வைத்தார்.

"ஏட்டி, ஆடித்தபசுத் திருவிழா வரைக்கும் பாரு. வேலை நிரந்தரம்னு காயிதம் வந்துச்சுன்னா உன் இஷ்டம். வரலைன்னா ஆவணியில சிவகிரி மாப்பிள்ளைக்கு முடிச்சிருதேன்."

சிவகிரி மாப்பிள்ளையை அதற்குப் பிறகு ஒரு சடங்கு வீட்டில் பார்த்தேன். வாயில் லட்டு இருக்கும்போதே என்னிடம் பேசினான். "டைப்படிக்கிற வேலையெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு இன்னொரு லட்டு எடுத்தான். எனக்கு அந்தக் காகிதம் வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதற்கு முன்னால் எதையும் நான் அவ்வளவு வெறியோடு விரும்பியதில்லை.

காகிதத்துக்குக் குறுக்கே கம்பெனியின் விதிகள் நின்றன. வீட்டிலிருந்து வேலை செய்யலாம். ஆனால் தனி அறை வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும், வேலை நேரத்தில் வேறு ஒருவரும் உள்ளே வரக் கூடாது. நோயாளியைப் பற்றி ஒரு சொல்கூட வெளியே போகக் கூடாது. இதையெல்லாம் கம்பெனிக்காரர்கள் கேமராவில் திடீரென்று சோதிப்பார்கள். நான் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டேன். அம்மா என்னைப் படித்துச் சொல்லச் சொல்லி முழுதாகக் கேட்டாள்.

சாத்திய கதவுக்கு எங்கள் தெருவில் ஓர் அர்த்தம் உண்டு. சாவு விழுந்த துட்டி வீட்டில்கூடக் கதவு திறந்துதான் கிடக்கும். பகலில் ஒரு வீட்டில் கதவு சாத்தியிருந்தால் உள்ளே மறைக்க வேண்டிய சமாச்சாரம் ஏதோ இருக்கிறது என்று பொருள். எங்கள் வீட்டு வாசல் காலையில் திறந்தால் ராத்திரி வரைக்கும் பொதுவழிதான். காய்கறி விலை சொல்ல ஒருத்தி, மருமகளைத் திட்ட ஒருத்தி, கரன்ட் இல்லாததால் ஒருத்தி, கரன்ட் வந்துவிட்டதால் ஒருத்தி என்று வந்துகொண்டே இருப்பார்கள். வருகிற அத்தனை பேருக்கும் அம்மா காப்பி போடுவாள். போடாவிட்டால் அதைச் சொல்ல இன்னொரு வீட்டுக்குப் போவார்கள், அங்கே ஒரு காப்பி குடிப்பார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில் ஒரு கல்யாணமாகாத பெண் பகல் முழுக்க உள்ளறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கிடந்தால் தெரு சும்மா இருக்குமா? எதிர்வீட்டு அத்தை முதலில் அம்மாவிடம் கேட்டாள்.

"உள்ள என்ன செய்யுதா மதினி?"

"அதை வெளிய சொல்லாண்டாம்னு எழுதி வாங்கியிருக்காங்க மதினி" என்றாள் அம்மா. விதியை அம்மா அளவுக்கு மதித்தவர்கள் அந்தக் கம்பெனியிலேயே இருக்கமாட்டார்கள்.

இது போதாதென்று நான் வேறு. ஒரு ரிப்போர்ட்டை அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை வாய்விட்டு வாசித்துப் பார்ப்பது என் பழக்கம். அந்த வாரம் எனக்கு வந்ததெல்லாம் புற்றுநோய் மருத்துவமனை ரிப்போர்ட்டுகள். சித்திரை வெயிலில் ஜன்னலை அடைத்தால் நான் வெந்துபோவேன் என்று திறந்து வைத்திருந்தேன். கேன்சர், கீமோ, கேன்சர் என்று நான் தனியாகப் பேசிக்கொண்டிருந்ததை ஜன்னலுக்கு வெளியே யார் எத்தனை நாள் கேட்டார்களோ தெரியாது. யாரோ ஒரு அமெரிக்காக்காரரின் குடலைப் பற்றி மூச்சு விடமாட்டேன் என்று நான் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். என் குடலுக்கு அப்படி யாரும் சத்தியம் செய்யவில்லை. அதில் கேன்சர் என்ற சேதி அந்நேரம் மூன்று தெரு தாண்டிப் போயிருந்தது.

கம்பெனியிலிருந்து சென்னை மேடம் ஒருவர் கேமராவில் என் அறையைச் சோதிக்க வந்த காலை நேரத்தில்தான் தெருவும் என்னை நலம் விசாரிக்க வந்தது.

மேடம், "அறையைச் சுத்திக் காட்டுங்க" என்றார். நான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சுவரைக் காட்டினேன், ஜன்னலைக் காட்டினேன், கதவைக் காட்டினேன். காட்டிக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. "இங்கன வேண்டாம், வேலையா இருக்கா" என்று அம்மா கெஞ்சுவது கேட்டது. ஆனால் கையில் பிரெட்டும் சாத்துக்குடியும் வைத்திருக்கிறவர்களை வாசலோடு அனுப்பத் தெரிந்த பெண் எங்கள் ஊரில் பிறக்கவில்லை. கதவு ஆடிய ஆட்டத்தில் அந்தக் காலத்துத் தாழ்ப்பாள் தானாகவே கழன்றுகொண்டது.

ஆறேழு பேர் உள்ளே வந்தார்கள். அத்தை நேராக என்னிடம் வந்து, கோயில் புற்று மண்ணைக் குழைத்து என் நெற்றியில் அப்பினாள். புளியங்குடியிலிருந்து வந்திருந்த அவள் நாத்தனார் ஒரு எலுமிச்சம்பழத்தை என் தலையைச் சுற்றினாள். இன்னொருத்தி என் முடியை இழுத்துப் பார்த்து, "இன்னும் கொட்டலையே" என்றாள்.

"யார் இவங்கள்லாம்?" என்று மேடம் திரையிலிருந்து கேட்டார்.

அப்போதுதான் அத்தை திரையைப் பார்த்தாள். தலையில் ஹெட்போன், கழுத்தில் அடையாள அட்டை, மூக்கில் கண்ணாடி. அத்தைக்குச் சந்தேகமே இல்லை. கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீங்கதான் பெரிய டாக்டரா? புள்ளை பிழைச்சிக்கிடுவாளாம்மா? செலவைப் பத்தி யோசிக்காண்டாம். அவ அப்பா வேட்டி யாவாரம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: "அடுத்த வாரம் மறுபடியும் பார்ப்பேன். அப்பவும் யாராவது உள்ள வந்தா, உங்க டிரெயினிங் அதோட முடிஞ்சுது." திரை அணைந்தது. வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

அன்று நான் அழுதேன். ஆத்திரத்தில்தான். எனக்கு ஒன்றுமில்லை என்று அம்மா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். ஒன்றுமில்லை என்று பெற்றவளே வந்து சொல்கிறாள் என்றால் நிலைமை முற்றிவிட்டது என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். மறுநாள் கரிவலத்திலிருந்து அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா, பஸ் பிடித்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இவர்களை நிறுத்த முடியாது என்பது தெரிந்துவிட்டது. பெரிய நோய் என்றால் பெரிய கூட்டம் வரும். ஒரே ஒரு நோய்க்குத்தான் இந்த ஊரில் ஒருவரும் விசாரிக்க வரமாட்டார்கள், வாசலில் நின்று எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். எனக்கு அது தோன்றியபோது, சரிசெய்துகொண்டிருந்த ரிப்போர்ட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

"எம்மா, வாசல்ல வேப்பிலை கட்டு. எனக்கு அம்மை போட்டிருக்கு."

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "வாயக் கழுவுட்டி. தெய்வத்தோட விளையாடாத."

"சிவகிரிக்காரன்கிட்ட மாட்டுததுக்கு இது பரவால்ல."

அம்மா அன்று சாயங்காலம் கோமதியம்மன் சன்னிதிக்குப் போய்வந்தாள். அங்கே என்ன பேசினாளோ, திரும்பி வரும்போது கையில் வேப்பங்கொத்து இருந்தது. "வேலை நிரந்தரமாயிட்டுன்னா மாவிளக்கு எடுக்கேன்னு சொல்லியிருக்கேன். அவளும் பொம்பளைதான, புரிஞ்சுக்கிடுவா" என்று சொல்லிவிட்டு நிலையில் கட்டினாள். பிறகு தெருக்கதவைச் சாத்தினாள். நான் பிறந்ததிலிருந்து அந்தக் கதவைப் பகல் வெளிச்சத்தில் சாத்திப் பார்த்ததில்லை. பகலில் சாத்திப் பழக்கமில்லாததாலோ என்னவோ அது முரண்டு பிடித்தது, அம்மா தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் விழுந்த அமைதியை நான் எந்த மருத்துவமனையிலும் கண்டதில்லை. மதில் மேல் இளநீர் வைத்துவிட்டு அத்தை எதிர் வாசலில் நின்றபடியே, "அம்மை எறங்கிட்டாளா மதினி?" என்று கேட்பாள். அம்மா உள்ளேயிருந்தே பதில் சொல்வாள். அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, மீன் கூடாது. மூன்று வேளையும் கஞ்சி. அப்பா பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் ரகசியமாக மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வருவார். ஒருநாள் வாசலில் நின்று அந்தக் கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடை போர்டுக்கு எவ்வளவு செலவழிச்சிருக்கேன். ஒருத்தன் நிமிந்து பாக்க மாட்டான். இது என்ன வேலை பாக்குது பாரு" என்றார்.

சிவகிரியிலிருந்தும் போன் வந்தது. எனக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. முகத்தில் தழும்பு விழுமா என்று கேட்டார்கள். அப்பா, "விழட்டுமே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அப்பா மேல் எனக்கு அன்றைக்கு வந்த பிரியம் இன்னும் மிச்சம் இருக்கிறது.

அடுத்த வாரம் மேடம் வந்தார். இந்த முறை அவர் உஷாராக இருந்தார். அறையைக் காட்டச் சொல்லிவிட்டு, கதவைத் திறந்து கூடத்தைக் காட்டச் சொன்னார், கூடத்தைத் தாண்டித் தெருக்கதவையும் திறந்து வாசலைக் காட்டச் சொன்னார். தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. கேமரா நிலைப்படிக்கு வந்ததும் வேப்பிலைக் கொத்து தெரிந்தது.

"அய்யய்யோ, யாருக்கு?" என்றார்.

"எனக்குத்தான் மேடம்."

மேடம் நாற்காலியைத் திரையிலிருந்து பின்னால் தள்ளிக்கொண்டார். அறுநூறு கிலோமீட்டர் கம்பி வழியாக அம்மை பரவும் என்று நினைத்தாரோ என்னவோ. "இந்த நிலைமையிலும் வேலை பார்க்கிறீங்களா?" என்றார். சோதனை அத்துடன் முடிந்தது. இரண்டு நாளில் நிரந்தரம் என்று காகிதம் வந்தது. என் அர்ப்பணிப்பைப் பாராட்டி அதில் தனியாக ஒரு வரி வேறு இருந்தது.

காகிதத்தைப் பார்த்ததும் முதலில் வேப்பிலையை அவிழ்க்க ஓடினேன். மத்தியான நேரம். கூடத்தில் அம்மா ஃபேனுக்கு நேர் கீழே, வெறும் தரையில், முந்தானையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள். அம்மா மத்தியானம் படுத்து நான் பார்த்ததே இல்லை. அடுப்பு அணைந்து கிடந்தது. காப்பிப் பாத்திரம் கவிழ்த்து வைத்தபடி காய்ந்திருந்தது.

"எம்மா, வேலை நிரந்தரமாயிட்டு."

கண்ணைத் திறக்காமலேயே சிரித்தாள். "நல்லாரு மக்கா. மாவிளக்கு எடுத்திருவோம்."

"வேப்பிலையை அவிழ்த்திரட்டா?"

அம்மா பதில் சொல்வதற்குள் வெளியே அத்தையின் குரல் கேட்டது. "மதினி, புள்ளைக்கு எப்படி இருக்கு? தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சா?"

அம்மா என்னைப் பார்த்துக் கையசைத்தாள், அவிழ்க்காதே என்று. பிறகு படுத்தபடியே, சாத்திய கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"புள்ளைக்கு எறங்கிட்டு மதினி. இப்ப எனக்குப் போட்டிருக்கு."