எனக்கு அழிக்கத் தெரியாத வீடியோக்கள்

மூன்று வாரமாக லாரி வேலை இல்லாமல் இருந்தேன். "ரீல்ஸ் போடுற டிரைவரை எவன் வேலைக்குச் சேத்துக்குவான்? எல்லாத்தையும் அழிச்சுப் போடுங்க" என்று வீட்டுக்காரி தினமும் திட்டினாள். எனக்குப் போடத்தான் தெரியும், அழிக்கத் தெரியாது.

இன்று நாமக்கல்லில் முட்டை லாரி வைத்திருக்கும் ஓனரம்மாவிடம் வேலை கேட்டுப் போனேன். முட்டை லோடோடு ஒரு பள்ளத்தில் வேகமாக இறங்கினால் பாதி ஆம்லெட் ஆகிவிடும். அது கிடக்கட்டும். அந்தம்மா கையிலிருந்த போனில், லாரி முன்னால் நின்று நான் பாடும் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. வேலை போச்சு என்று நினைத்தேன்.

"ஏனுங்க, இது கொல்லிமலையில எடுத்ததுங்களா?"

"ஆமாங்க. டீ குடிக்க நிறுத்துனப்ப எடுத்ததுங்க."

"உங்க பாட்டக் கேக்க முடியலீங்க. ஆனா எல்லா வீடியோவுலயும் பின்னால லாரி உருளாம டயருக்கு மரக்கட்டை வெச்சிருக்கறீங்க. ஒண்ணுகூட ஓட்டிக்கிட்டே எடுக்கலீங்க. நாளைக்கே வண்டிய எடுங்க சாமி."

கண் கலங்கிவிட்டது. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பார்த்து லைக் போட்ட எல்லோருக்கும் நன்றி. "கட்டை அசிங்கமாத் தெரியுது, எடுத்துட்டு வீடியோ போடு" என்று கமெண்டில் எழுதிய அண்ணன் யாருங்க? வாங்க, டீ என் செலவு. பாட்டு மட்டும் கேட்டுத்தான் ஆகணும்.