ஒச்சப்பன் வரைந்த ஆதிப்பறவை

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசு லேபிளுக்குப் படம் வரைந்தவர் ஒச்சப்பன். அதே அச்சகத்தில் நான் கட்டிங் மிஷின் ஓட்டினேன். ராக்கெட் டப்பா என்றால் கழுகு, பருந்து, முதலாளி அசந்த நேரத்தில் ஒரு கிளி. எல்லாம் யாரோ எப்போதோ வரைந்ததைப் பார்த்து வரைவதுதான். சொந்தமாக ஒரு பறவையை ராக்கெட்டில் ஏற்றிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆசைப்படுவதற்குக் காசா பணமா?

2004 வாக்கில், மகள் வேல்விழியின் உயிரியல் புத்தகத்தில் அதைப் பார்த்தார். வாயில் பல், இறக்கையில் நகம், பல்லிக்கு இருப்பது போல நீண்ட வால், உடம்பெல்லாம் இறகு. பறவை இனத்துக்கே பாட்டன், கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் இருந்தது என்று போட்டிருந்தது. அதன்பிறகு மனுஷன் ஒரு நிலையில் இல்லை. பேப்பரில் வந்ததையெல்லாம் தேடிப் படித்துவிட்டு, தூக்குச்சட்டியைத் திறக்கும்போது எனக்குப் பாடம் எடுப்பார்.

"இறகு பறக்கதுக்குன்னு மொளைக்கலையாம்லே. மொதல்ல குளிருக்குத்தானாம். பறக்கதெல்லாம் பொறவு வந்த யோசனை."

எங்கள் ஊர் வெயிலில் குளிரைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்தார். அதன் நிறம் யாருக்கும் தெரியாதாம். மயில்கழுத்து நிறம் கொடுத்தார். சும்மா சொல்லக் கூடாது, அம்சமாக இருந்தது.

பட்டாசு கம்பெனி முதலாளி தங்கச்சாமி அண்ணாச்சி வந்து படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இது பறக்குமாய்யா?"

தலையை ஆட்டியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். பாவி மனுஷன் உண்மையைச் சொன்னார்.

"சரியாத் தெரியலை அண்ணாச்சி. மரத்துல இருந்து குதிச்சுப் பழகுச்சா, தரையில ஓடி எந்திரிச்சுச்சான்னு படிச்சவுக இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காக."

"ராக்கெட் டப்பாவுல சந்தேகம் இருக்கக் கூடாதுய்யா" என்றார் அண்ணாச்சி. படத்தைத் தரைச்சக்கரத்துக்கு ஒதுக்கிவிட்டு, ராக்கெட்டுக்குப் பழைய கழுகையே போடச் சொன்னார்.

ஒச்சப்பன் அன்று சாப்பிடவில்லை. தூக்குச்சட்டி திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது.

அந்தச் சீசனில் எந்தப் புண்ணியவான் மருந்தைக் கூட்டி அடைத்தானோ, தீபாவளி முடிந்ததும் புகார் வந்து குவிந்தது. சக்கரம் தரையில் நிற்க மாட்டேன் என்கிறது. சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு ஆள் உயரத்துக்கு எழும்புகிறது. யாருக்கும் அடிபடாதது சாமி புண்ணியம். அண்ணாச்சி அச்சகம்வரை வந்து, லேபிளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கே தெரியாமல், எங்களையும் திட்டிவிட்டுப் போனார்.

ஒச்சப்பன் பிரஷ்ஷைக் கழுவி வைத்தார்.

"தரையில இருந்துதாம்லே எந்திரிச்சிருக்கு" என்றார்.

அன்று அவர் சாப்பாட்டோடு என்னுடையதையும் சேர்த்துச் சாப்பிட்டார்.