காலைப் பார்க்காமல் சப்பாத்து விற்றவன்

கடையில் சப்பாத்து விற்பவன் காலைப் பார்த்து விற்கிறான். ஒன்லைனில் விற்பவன் காலை நம்பி விற்கிறான். ஆசையாய்ப் பெட்டியைப் பிரித்து, குதிகால் நுழையாமல் நொந்துபோன அன்பர்களே, நீங்கள் திட்டித் தீர்த்த ஆட்களில் கல்முனைப் பக்கத்து நானும் ஒருவன். நல்ல தோல் சப்பாத்துகளை பேஸ்புக்கில் படம் போட்டு ஓடர் பிடித்து, கொழும்பிலிருந்து எடுப்பித்துக் கொடுப்பேன். அளவு பிழைத்தால் கொழும்புக்காரர் திருப்பி எடுக்கமாட்டார். பெட்டி எங்கள் படுக்கையறையில் குடியேறிவிடும்.

தாளுக்குள் அடங்கிய கால்

கந்தோரில் எழுத்து வேலை செய்யும் ஒரு வாடிக்கையாளரிடம், தாளில் காலை வைத்துச் சுற்றிக் கோடு போட்டுத் தரச் சொன்னேன். தந்தார். அளந்து பார்த்து ஏழாம் நம்பர் எடுப்பித்தேன். பாதிக் கால்தான் உள்ளே போனது. என் முன்னாலேயே திரும்ப வரையுங்கள் என்றேன். மகளின் கொப்பித் தாளை விரித்தார், காலை வைத்தார், விரல்கள் ஐந்தையும் உள்ளே மடக்கிக்கொண்டு பென்சிலை எடுத்தார். ஏன் மடக்குகிறீர்கள் என்று கேட்டேன்.

"தாள்ல இடம் அவ்வளவுதானே இரிக்கி, நானா!"

போடியாரின் பாதம்

அடுத்தவர் மாவடிப்பள்ளியில் வயல் செய்யும் போடியார். மகள் பட்டம் வாங்கும் விழாவுக்கு முதன்முதலாகச் சப்பாத்துப் போட ஆசைப்பட்டார். நான்தான் பாடம் படித்தவனாயிற்றே! தாள் வேண்டாம், குதியிலிருந்து பெருவிரல் நுனிவரை அளந்து சொல்லுங்கள் என்றேன். நூல் பிசகாமல் சொன்னார். ஆனால் வயல் சேற்றில் நடந்து நடந்து விரிந்த பாதம் அது. சப்பாத்தின் வாயோடு நின்றுவிட்டது. மனுசன் பாவம், விழாவுக்குச் செருப்போடுதான் போனார்.

"நீளத்தத்தானே தம்பி கேட்டீங்க, அகலத்த ஒருக்காவும் கேக்கல்லயே."

வீட்டுக்காரியின் அறிவித்தல்

இரண்டாவது பெட்டியும் கட்டிலுக்கடியில் போனதும் மனைவி முடிவு சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. மாப்பிள்ளை அங்கே வந்து சேருகிறவன். அதனால் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்துவிட்டது.

"இன்னொரு சோடி திரும்பி வந்திச்சோ, சப்பாத்தும் நீங்களும் வெளியதான்."

பள்ளிவாசல் வாசலில் எடுத்த அளவு

மூன்றாவதாக வந்தவன் எங்கள் ஊர்ப் பொடியன். தங்கைக்குக் கலியாணம். மாப்பிள்ளையின் உடுப்பு, சப்பாத்தெல்லாம் பெண்வீட்டார் பொறுப்பு. வரப்போகும் மச்சானிடம் கால் அளவு கேட்க அவனுக்கு வெட்கம். ஜும்ஆத் தொழுகைக்குப் போனவன், வாசலில் கழற்றிக் கிடந்த மச்சானின் செருப்பை நூலால் அளந்து வந்தான். நீளம், அகலம் இரண்டும் இருந்தன. ஒன்பதாம் நம்பர் எடுப்பித்துக் கொடுத்து நிம்மதியாக இருந்தேன்.

கலியாணத்துக்கு முதல்நாள் பெட்டியோடு ஓடிவந்தான். மச்சான் நடந்தால் சப்பாத்து பின்னால் நிற்கிறதாம். "நான் வடிவாப் பாத்துத்தான் அளந்த, நானா. கறுப்புச் செருப்பு, இடது வார்ல ஊசி குத்தியிருந்திச்சு!"

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். கறுப்புச் செருப்பு. இடது வாரில் ஊசி.

கட்டிலுக்கடியிலிருந்து அந்த ஏழாம் நம்பரை இழுத்தெடுத்துக் கொடுத்தனுப்பினேன். மாப்பிள்ளைக்கு அளவாக இருந்ததாம், அல்ஹம்துலில்லாஹ். ஒன்பதாம் நம்பரை ஒளிப்பதற்கு முன் ஆசைக்கு ஒருதரம் போட்டுப் பார்த்தேன். பூப்போல ஏறியது. நிமிர்ந்தால், கதவடியில் மனைவி.

"நல்ல அளவா இரிக்கி. கழட்டாதீங்க, அப்படியே வெளிய போங்க."

இத்தனை சோடி விற்றதில் நான் முதல் தடவையிலேயே அளவு பிழைக்காமல் எடுப்பித்துக் கொடுத்தது ஒரே காலுக்குத்தான்: நான் அளந்தே பார்க்காத என் காலுக்கு.